கைத்தட்டலுக்குள் ஒரு சொல்

அன்புள்ள ஐயா,

'பார்பரா' விலக்கப்பட்ட காதலின் பாட்டு என்று நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு, பிரேசில் பாடகர்கள் ஷிகோ புவார்க்கியும் கயெத்தானோ வெலோசோவும் 1972-இல் மேடையில் பாடிய அந்தப் பாட்டைத் தேடிக் கேட்டேன். தோழி ஒருத்தி தமிழாக்கித் தந்தாள். உருக்கமான பாட்டு. ஆனால், விலக்கப்பட்ட காதல் என்று சொல்ல இதில் என்ன இருக்கிறது? காதல் எல்லோருக்கும் பொதுதானே? பாட்டின் ஓரிடத்தில் காரணமே இல்லாமல் கைத்தட்டல் எழுவதும் புரியவில்லை.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றுதான். நீங்கள் அனுப்பிய தமிழாக்கத்தில் 'நம் இருவரின் இருண்ட கிணற்றில் மூழ்குவோம்' என்று ஒரு வரி இருக்கிறது. பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் பாட்டின் மொழியான போர்த்துகீசியத்தில் இரண்டு என்ற எண்ணுக்கே பால் உண்டு. ஆண்பாலுக்கு 'டோய்ஸ்', பெண்பாலுக்கு 'டுவாஸ்'. பாட்டில் இருப்பது 'டுவாஸ்'. அழைப்பவளும் பெண், அழைக்கப்படுபவளும் பெண். நம்முடைய 'இருவர்' இதை வெளியே சொல்லாது.

ஷிகோவும் திரைப்பட இயக்குநர் ரூய் கெர்ராவும் 'கலபார்' நாடகத்துக்காக எழுதிய பாட்டு இது. 17-ஆம் நூற்றாண்டில் பிரேசிலின் பெர்னாம்புகோ பகுதியைப் பிடித்த டச்சுக்காரர்கள் பக்கம் சேர்ந்து, 1635-இல் போர்த்துகீசியரால் கொல்லப்பட்டவன் கலபார். நாடகத்தில் அவனுடைய விதவை பார்பரா. அவளை அழைப்பவள் ஆனா என்ற விலைமகள். அச்சத்திலிருந்தும் மழையிலிருந்தும் உன்னைக் காக்கிறேன் என்கிறாள். அதே மூச்சில், கைம்பெண்ணான உன் படுக்கையை இன்பங்களால் நிறைக்கிறேன் என்கிறாள். அணைத்துக் காப்பதும் ஆசைப்படுவதும் அவளுக்கு வேறு வேறல்ல. எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

அப்போது பிரேசிலில் இருந்த ராணுவ ஆட்சியின் தணிக்கைக்கு 'டுவாஸ்' பொறுக்கவில்லை. சால்வடோர் நகரில் பதிவான அந்த மேடை இசைத்தட்டில், அந்தச் சொல் வரும் இடத்தின் மேல் கைத்தட்டல் ஒலியை ஒட்டி மூடினார்கள். நீங்கள் கேட்டது அதைத்தான். அடுத்த ஆண்டு நாடகமே தடை செய்யப்பட்டது. பாடல்கள் தனி இசைத்தட்டாக வந்தபோது அதன் பெயரில் கலபார் இல்லை. 'பார்பரா'வில் அந்தச் சொல்லும் இல்லை. நாடகம் மேடையேற 1980 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவர்கள் வெட்டியது இயைபு விழும் இடத்தை. முந்தைய அடி 'க்ருவாஸ்' என்று முடிகிறது. மொழி தெரிந்த காது அடுத்த ஓசையைத் தானாகவே நிரப்பிக்கொள்ளும். கைத்தட்டலால் அதை எப்படித் தடுக்க முடியும்?

காதல் எல்லோருக்கும் பொது என்கிறீர்கள். மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பாட்டில் அந்தப் பொதுமையை நான் ஏற்க மாட்டேன். தணிக்கையாளர்கள் கேட்டதும் அதே பொதுமையைத்தான். யாருடைய காதல் என்று தெரியாமல் இருந்தால் அவர்களுக்கும் சம்மதமே.

தோழியிடம் சொல்லுங்கள், 'நாம் இரு பெண்களும்' என்று மாற்றி எழுதட்டும். ஓசை இடறினால் இடறட்டும். திருத்தியதை எனக்கும் அனுப்பிவையுங்கள்.