ரத்த அறிக்கையில் ஃபிஸ்டுலா அடைப்பு தெரியுமா?

ஈசூன் வாசகி ஒருவர் கேட்கிறார்: “அப்பாவுக்கு எங்கள் புளோக் கீழ்த்தளத்திலுள்ள மையத்தில் வாரம் மூன்று முறை டயாலிசிஸ். இம்மாத ரத்த அறிக்கையில் சிஆர்பி 18, அல்புமின் 33. மாமாவுக்கு அடைத்ததுபோல் இவருடைய ஃபிஸ்டுலாவும் அடைத்துவிடுமோ?”

ஃபிஸ்டுலா என்பது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் சேர்த்துவைத்த இணைப்பு. அது அடைக்குமா என்று இந்த இரண்டு எண்களை வைத்துச் சொல்ல முடியாது. உடம்பில் எங்கோ அழற்சி என்பதுதான் சிஆர்பி தரும் சேதி. சொத்தைப் பல், கால் புண், சளிக்காய்ச்சல் எதனாலும் ஏறும். அல்புமின் என்ற ரத்தப் புரதம் அழற்சியாலும் குறையும், சாப்பாடு போதாமலும் குறையும். சிஆர்பி ஏறி அல்புமின் குறைந்தவர்களுக்கு அடைப்பு சற்று அதிகம் என்பது உண்மை. ஆனால் யாருக்கு, எப்போது என்று அந்த எண்கள் காட்டாது. ரத்தக்கட்டிக்கான டி-டைமர் சோதனை எடுக்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். டயாலிசிஸ் செய்வோர் பலருக்கு அது எப்போதுமே அதிகம், வீண் செலவு.

அறிக்கையில் நான் முதலில் தேடுவது யுஆர்ஆர், அதாவது டயாலிசிஸில் யூரியா எத்தனை விழுக்காடு குறைந்தது என்ற எண். டயாலிசிஸுக்கு முன் யூரியா 24, முடிந்தபின் 8 என்றால் 67 விழுக்காடு வெளியேறியிருக்கிறது. 65-க்குக் கீழே போகக்கூடாது. டயாலிசிஸ் நேரமும் ஊசியும் மாறாமல் இந்த எண் மட்டும் மாதாமாதம் இறங்கினால், சுத்தமான ரத்தமே மறுபடி இயந்திரத்துக்குள் போகிறதோ என்று சந்தேகிப்போம். ஃபிஸ்டுலா குறுகினால் அப்படி ஆகும். ஆனால் இதுவும் மாதம் ஒருமுறை வரும் சேதிதானே!

விரல் அதை முந்திக்கொள்ளும். தினமும் காலையில் அப்பா ஃபிஸ்டுலாமேல் விரல்நுனியை வைத்துப் பார்க்கட்டும். தேனீ ரீங்காரம்போல் ஓயாத அதிர்வு இருக்கவேண்டும். அது ‘டக், டக்’ என்ற வலுத்த துடிப்பாக மாறினாலோ, கையைத் தூக்கியும் புடைத்த நரம்பு தளராமல் நின்றாலோ குறுகல் இருக்கலாம். ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்க வழக்கத்தைவிட நேரமாகிறதா, இயந்திரத்தில் வீனஸ் பிரஷர் (ரத்தம் உடம்புக்குத் திரும்பும் வழியிலுள்ள அழுத்தம்) ஏறுகிறதா என்று தாதியிடமும் கேளுங்கள். ஆமாம், தேக்கா மார்க்கெட் பையை ஃபிஸ்டுலா உள்ள கையில்தான் மாட்டிக்கொள்கிறாரா? பை அழுத்தினால் ரத்த ஓட்டம் தடைபடும். நிறுத்தச் சொல்லுங்கள்.

அதிர்வே இல்லையென்றால் அடுத்த டயாலிசிஸ்வரை காத்திருக்கவேண்டாம், தீபாவளியாக இருந்தாலும். உடனே மையத்தையோ மருத்துவமனையையோ கூப்பிடுங்கள். ஓரிரு நாளுக்குள் ரத்தக்கட்டியை அகற்றினால் ஃபிஸ்டுலா பிழைக்க வாய்ப்புண்டு. தவறினால் டயாலிசிஸுக்குக் கழுத்தில் குழாய் போடவேண்டி வரலாம். அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்காவிட்டால், அழுத்தத்தை எடுக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995-ஐக் கூப்பிடுங்கள்.

சிஆர்பி 18-ஐயும் அப்படியே விட்டுவிடாதீர்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, ஊசி குத்தும் இடத்தோடு பல்லையும் பாதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.