குதிரைக்குக் கொள்ளு வைப்பது யார்? – கடிதம்

அன்புள்ள சார்,

இங்கிலாந்தின் குதிரைப் பந்தய ஊரான நியூமார்க்கெட்டுக்குப் போய்வந்தது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஒரு கேள்வி. பிரிட்டிஷ் அரசரும் துபாய் ஷேக்கும் குதிரை வைத்திருக்கும் விளையாட்டு குதிரைப் பந்தயம். அந்தத் துறையினர் எதற்குப் பந்தய வரியை ஏற்றாதே என்று அரசாங்கத்தின் வாசலில் போய் நிற்க வேண்டும்? பணமில்லை, சரியான தலைமையில்லை என்ற புலம்பல் வேறு. சூதை நம்பிப் பிழைக்கிற ஒன்று அழிந்தால்தான் என்ன?

கே., கோவை

அன்புள்ள கே.,

அரசரின் குதிரைகள் ஓடுவது உண்மைதான். ஆனால் நியூமார்க்கெட்டில் குதிரைகளை ஓட்டிப் பழக்கும் வாரன் ஹில் சரிவின் அடியில் அன்று காலை நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டு நின்றது ஒரு பெண்ணை. இருபது வயதுக்கு மேல் இருக்காது. விடிவதற்கு முன்பே லாயத்துக்கு வந்து, சாணம் அள்ளி, சேணம் பூட்டி, முதல் குதிரையை மேட்டில் ஓட்டி முடித்துவிட்டாள். குதிரையின் முதுகிலிருந்து ஆவி பறந்தது. அதைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டே, அடுத்து ஏற வேண்டிய குதிரையைப் பற்றிச் சொன்னாள். பரிசுத்தொகையில் ஒரு சிறு பங்கு லாயத்து ஊழியர்களுக்கும் போகிறது. பரிசு சுருங்கினால் முதலில் தெரிவது அவள் கையில்தான். அந்தத் துறையின் கணக்குப்படி அதை நம்பி 85,000 வேலைகள் இருக்கின்றன. அழிந்தால் என்ன என்று என்னால் கேட்க முடியவில்லை.

இனி பணம். 1961க்கு முன்பு பிரிட்டனில் மைதானத்துக்கு வெளியே ரொக்கம் கட்டிப் பந்தயம் ஆடுவது சட்டவிரோதம். தெருமுனையில் ஆள் வைத்துச் சீட்டு வாங்குவார்கள். அந்த ஆண்டு மே மாதம் பந்தயக் கடைகள் சட்டப்படி திறந்தன. கூட்டம் மைதானத்தை விட்டுக் கடைக்குப் போய்விடும் என்ற பயத்தில், பந்தயப் பணம் வாங்கி ஜெயித்தவர்களுக்குக் கொடுக்கும் புக்மேக்கர்களிடம் ஒரு தொகை வசூலித்துப் பந்தயத்துக்குக் கொடுக்கும் 'லெவி'யையும் கொண்டுவந்தார்கள். பிரான்ஸ் வேறு வழியில் போனது. அங்கே குதிரைப் பந்தயத்தில் புக்மேக்கருக்கே இடமில்லை. கட்டுகிற பணமெல்லாம் பொதுத் தொகுப்பில் சேர்ந்து, ஜெயித்தவர்களுக்குக் கொடுத்தது போக மிச்சத்திலிருந்து பந்தயத்துக்குப் பணம் போகிறது. அங்கே பரிசுத்தொகை கொழுத்திருக்க முக்கியமான காரணம் அதுதான்.

பிரிட்டிஷ் கணக்கை நூறு பவுண்டில் பாருங்கள். நூறு வசூலித்த புக்மேக்கர் ஜெயித்தவர்களுக்கு 92 கொடுத்துவிட்டார் என்று வையுங்கள். மிச்சம் எட்டு. ஆண்டுக்கு ஐந்து லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட லாபத்தில் லெவி பத்து சதவீதம். ஆக, 80 பென்ஸ். அரசு வரி 15 சதவீதம், 1 பவுண்டு 20 பென்ஸ். ஜனங்களுக்குப் பிடித்த குதிரைகள் வரிசையாக ஜெயித்தால் புக்மேக்கருக்கு நஷ்டம், லெவியும் இறங்கும். ரசிகன் தோற்றால்தான் விளையாட்டுக்கு வருமானம். இந்த ஏற்பாட்டை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை.

லெவி 2023-24இல் சுமார் 10.5 கோடி பவுண்டு வந்தது. ஆனால் ஜனங்கள் பந்தயத்தில் கட்டும் மொத்தத் தொகை குறைந்துகொண்டே வருகிறது. அதோடு இன்னொரு வருமானமும் இருக்கிறது. பந்தயத்தின் நேரலைப் படத்துக்காகப் புக்மேக்கர்கள் தரும் பணம். அது நேராக மைதானங்களுக்குப் போகிறது. நீங்கள் கேட்ட தலைமைப் பிரச்சினை இங்கேதான் முளைக்கிறது. மொத்தம் 59 மைதானங்கள், ஆண்டுக்கு 1,400க்கும் மேற்பட்ட பந்தய நாட்கள். சாதாரண செவ்வாய்க்கிழமை மதியம், பார்வையாளர் வரிசை காலியாகக் கிடக்க, ஐந்து குதிரைகள் ஓடினாலும் மைதானத்துக்குப் படக்காசு உண்டு. குதிரைக்காரருக்கோ ஒரு குதிரையைப் பயிற்சியில் வைத்திருக்கவே ஆண்டுக்கு இருபதாயிரம் பவுண்டுக்கு மேல் ஆகிறது. கிடைக்கும் பரிசு தீவனச் செலவுக்குக் காணாது.

நாட்களைக் குறைக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். யார் குறைப்பது? விளையாட்டை நிர்வகிக்கும் பிரிட்டிஷ் குதிரைப் பந்தய ஆணையமான பி.எச்.ஏ.வின் உறுப்பினர்களே மைதானங்களின் சங்கமும், குதிரை உரிமையாளர், வளர்ப்பவர் முதலானோரின் சங்கங்களும்தான். தான் கட்டுப்படுத்த வேண்டியவர்களின் சம்மதத்தை வாங்கித்தான் அது கட்டுப்படுத்த வேண்டும். 2024 கடைசியில் தலைமை நிர்வாகி ஜூலி ஹாரிங்டன் விலகினார். 2025 மார்ச்சில் தலைவர் ஜோ சாமரெஸ் ஸ்மித் புற்றுநோயில் இறந்தார். ஜூனில் வரவேண்டிய புதிய தலைவர் சார்லஸ் ஆலன் பிரபு செப்டம்பரில்தான் பொறுப்பேற்றார். நாற்காலி காலியாக இருந்தது ஒரு குறை; உட்கார்ந்தவருக்கு அதிகாரம் இல்லாதது அதைவிடப் பெரிய குறை.

அந்த இடைவெளியில்தான் குதிரைப் பந்தயத்துக்கும் ஆன்லைன் சூதாட்டத்துக்கும் ஒரே வரி போடலாமா என்று நிதித்துறை யோசித்தது. அதை எதிர்த்து செப்டம்பர் 10 அன்று கார்லைல், யூட்டாக்சிட்டர், லிங்ஃபீல்ட், கெம்ப்டன் ஆகிய நான்கு மைதானங்களிலும் பந்தயத்தை நிறுத்திவிட்டு, நாடாளுமன்றம் இருக்கும் வெஸ்ட்மின்ஸ்டரில் பந்தயத் துறையினர் கூடினார்கள். எப்போதும் ஒத்துப்போகாதவர்கள் அன்று ஒன்றாக நின்றார்கள். நவம்பர் பட்ஜெட்டில் குதிரைப் பந்தய வரி 15 சதவீதத்திலேயே விடப்பட்டது. ஆன்லைன் கேசினோ வரி 21இலிருந்து 40க்கு ஏறியது.

அவர்கள் வைத்த வாதம் நம் ஊருக்குப் புதிதல்ல. குதிரையின் பரம்பரையும் ஓட்டமும் படித்துப் பணம் கட்டுவதும் பொத்தானைத் தட்டிச் சக்கரம் சுற்றுவதும் ஒன்றல்ல என்றார்கள். தமிழ்நாடு பந்தயத்தைத் தடை செய்ய முயன்ற வழக்கில் 1996இல் நம் உச்ச நீதிமன்றமும் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்றுதான் தீர்ப்பளித்தது. எனக்கும் அதே கருத்து. ஆனால் பணம் கட்டுபவருக்கு இழப்பைத் தாங்கும் வசதி இருக்கிறதா என்று சோதிக்கும் புதிய விதிகளைப் பந்தயத் துறை எதிர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சூதில் வீட்டைத் தோற்றவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள்.

இப்போது கிடைத்திருப்பது மூச்சுவிடும் நேரம். கேசினோ வரியில் அடிபட்ட அதே நிறுவனங்கள்தான் பெரிய பந்தயங்களுக்கு விளம்பரப் பணமும் தருகின்றன. அவை கையைச் சுருக்கத்தான் செய்யும். அதற்குள் படக்காசில் குதிரைக்காரருக்கு நியாயமான பங்கு எழுதிவைக்க வேண்டும், காலி மைதானச் செவ்வாய்க்கிழமைகளில் பாதியையாவது வெட்ட வேண்டும். வாரன் ஹில்லில் பார்த்த அந்தப் பெண்ணுக்கு இதிலெல்லாம் ஓட்டில்லை.