சன்னலில் பொருத்திய குளிர்சாதனமும் 4,800 வெள்ளி முன்பணமும்

கேள்வி: சிங்கப்பூரின் அங் மோ கியோவில் 12ஆம் மாடியில் உள்ள மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு ஒன்றை, மாதம் 2,400 வெள்ளி வாடகையில், ஈராண்டு ஒப்பந்தத்தில் எடுத்திருக்கிறோம். புழுக்கத்தில் கைக்குழந்தை உறங்குவதில்லை. குளிர்சாதனம் வேண்டும் என்று உரிமையாளரிடம் கேட்டதற்குப் ‘பார்க்கலாம்’ என்றார். ஒரு மாதம் காத்திருந்துவிட்டு, படுக்கையறைச் சன்னலின் ஒரு கதவைக் கழற்றி, பழைய சன்னல் குளிர்சாதனக் கருவி ஒன்றை நண்பரின் உதவியோடு நாங்களே பொருத்தினோம். தங்கள் துணிகளின்மேல் நீர் சொட்டுவதாகக் கீழ்வீட்டார் புகார் செய்தனர். ஏழு நாளில் அதை அகற்றாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும், இரு மாத முன்பணமும் திரும்பக் கிடைக்காது என்று உரிமையாளர் வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார். அவருக்கு அந்த உரிமை உண்டா?

பதில்: அகற்றச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு, முன்பணம் முழுவதையும் வைத்துக்கொள்ளும் உரிமை இல்லை. ஆனால், பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், நீங்கள் அனுப்பிய குளிர்சாதனக் கருவியின் படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கருவியின் பின்பகுதி சன்னல் சட்டத்தைத் தாண்டி ஏறக்குறைய ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் அடியில் முட்டுக்கொடுத்துள்ள மரக்கட்டை சொட்டும் நீரில் ஊறிக் கறுத்திருக்கிறது. அந்தக் கட்டை நழுவினால், கீழே நடப்பவர் தலையில்தான் கருவி விழும். ஆகவே ஏழு நாள் கெடுவுக்காகக் காத்திராமல், முறையான நிறுவுநர் ஒருவரை அழைத்து, இன்றோ நாளையோ அதை உள்பக்கமாகக் கழற்றச் செய்யுங்கள். நண்பரை வைத்து நீங்களே மீண்டும் கழற்ற முயல வேண்டாம்.

இதில் சட்டம் கடுமையானது. பக்கவாட்டில் திறக்கும் சன்னல்களின் அலுமினிய ரிவெட்டுகளை (பொருத்தாணிகளை) நீக்கித் துருப்பிடிக்காத எஃகு ரிவெட்டுகளைப் பொருத்துவது 2004ஆம் ஆண்டு முதல் வீட்டு உரிமையாளர்களின் கட்டாயக் கடமையாக இருந்து வருகிறது. பராமரிப்பின்றிச் சன்னல் கீழே விழுந்தால் 10,000 வெள்ளி வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். நீங்கள் கழற்றியது அத்தகைய சன்னலின் கதவை. உரிமையாளரின் கோபத்துக்கு இந்த அச்சமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதை எண்ணிப் பாருங்கள். யாருக்கேனும் காயம் ஏற்பட்டால், பொருத்தியவர் என்ற முறையில் கவனக்குறைவுக்கான இழப்பீட்டு வழக்கு உங்கள் மீதும் வரும்.

‘பார்க்கலாம்’ என்ற சொல்லைச் சம்மதமாகக் காட்ட இயலாது. நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத்தில், உரிமையாளரின் எழுத்துவழி ஒப்புதலின்றி வீட்டில் மாற்றம் செய்யக்கூடாது என்று தெளிவாக இருக்கிறது. எனவே ஒப்பந்த மீறல் நடந்திருக்கிறது. அதற்காக உங்களை உடனே வெளியேற்றிவிட முடியாது. வாடகை பாக்கி அல்லாத மீறல்களுக்கு, உடைமை மாற்று மற்றும் சொத்துச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி, மீறல் இன்னதென்று குறிப்பிட்டு, அதைச் சரிசெய்யும்படி கோரும் அறிவிப்பை உரிமையாளர் தர வேண்டும்; சரிசெய்ய நியாயமான அவகாசமும் தர வேண்டும். அந்த அவகாசத்துக்குள் கருவியை அகற்றிச் சன்னலைப் பழையபடி பொருத்திவிட்டால், காலி செய்யச் சொல்வதற்கு அவர் காட்டும் காரணம் வலுவிழந்துவிடும். சன்னல் கதவை, கட்டட, கட்டுமான ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற சன்னல் பணி ஒப்பந்ததாரரைக் கொண்டே பொருத்துங்கள். ரசீதையும், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் பத்திரப்படுத்துங்கள்.

முன்பணம் என்பது உரிமையாளருக்கு உண்மையில் ஏற்பட்ட இழப்பை ஈடுகட்டுவதற்கான பிணை. கீறிய சட்டத்தைச் சீரமைக்க 300 வெள்ளி ஆனது என்று அவர் ரசீது காட்டினால், அந்த 300 வெள்ளியைக் கழித்துக்கொள்ளலாம். மனவருத்தம் ஏற்பட்டது என்பதற்காக 4,800 வெள்ளியை வைத்துக்கொள்ள முடியாது. அவர் திருப்பித் தர மறுத்தால் சிறு உரிமைக் கோரல் நடுவர் மன்றத்தை நாடலாம். ஈராண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தங்களில், 20,000 வெள்ளி வரையிலான கோரல்களை அது விசாரிக்கிறது. பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். அங்கு வழக்கறிஞர்கள் வாதாட அனுமதியில்லை என்பதால் உங்கள் தரப்பை நீங்களே சொல்ல வேண்டும். படங்களும் ரசீதுகளும் அப்போதுதான் கைகொடுக்கும். ஒப்பந்தத்துக்கு முத்திரைத்தீர்வை செலுத்தப்பட்டதா என்பதையும் இப்போதே பாருங்கள், ஏனெனில் முத்திரையிடப்படாத ஒப்பந்தத்தைச் சான்றாக ஏற்க மாட்டார்கள். முன்பணத்தில் கழித்துக்கொள்ளட்டும் என்று கடைசி இரு மாத வாடகையை நிறுத்திவிடாதீர்கள். பலரும் செய்யும் தவறு இது. வாடகை பாக்கி என்று வந்துவிட்டால் மேலே சொன்ன 18ஆம் பிரிவின் பாதுகாப்பு உங்களுக்கு இராது.

கருவி உங்களுடையதுதான். சுவரோடு கட்டப்படாமல் சன்னலில் வைக்கப்பட்ட அதை நீங்கள் எடுத்துச் செல்லலாம்.

கீழ்வீட்டாரை நேரில் சென்று பாருங்கள். மூங்கில் கழியில் காயப்போட்ட துணி அழுக்கு நீரில் நனைவது எரிச்சலூட்டும் விஷயம்; மன்னிப்புக் கேட்டு, கருவியை அகற்றிவிட்டதைச் சொன்னால் பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். முடியாவிட்டால் சமூக மத்தியஸ்த நிலையம் இருக்கிறது. அதையும் தாண்டினால், சமூகப் பூசல் தீர்வுச் சட்டத்தின்கீழ் அவர்கள் உங்கள்மீது அதற்கென உள்ள தனி நடுவர் மன்றத்தில் வழக்குத் தொடுக்க இடமுண்டு.

குழந்தைக்குக் குளிர்ச்சி தேவை என்பது நியாயமான கோரிக்கை. அதை உரிமையாளரிடம் எழுத்தில் வையுங்கள்: பயிற்சி பெற்ற நிறுவுநரைக் கொண்டு பொருத்துவோம், செலவை நாங்கள் ஏற்போம், வெளியேறும்போது எடுத்துவிடுவோம் அல்லது உங்களுக்கே விட்டுச்செல்வோம் என்று குறிப்பிடுங்கள். பழைய புளோக் என்பதால் வீட்டின் மின் இணைப்பு அந்தச் சுமையைத் தாங்குமா என்பதை உரிமம் பெற்ற மின்பணியாளர் பார்க்க வேண்டும். வீவகவின் அனுமதி தேவைப்பட்டால், வீட்டின் உரிமையாளர் என்ற முறையில் அவர்தான் அதைப் பெற வேண்டியிருக்கும். அவர் சம்மதித்தால், அந்த வாட்ஸ்அப் உரையாடலிலேயே ‘சம்மதம்’ என்று ஒரு வரி எழுதச் சொல்லி, அது வந்த பிறகு நிறுவுநரை அழையுங்கள்.