மெத்தையில உச்சா வாடை போகவே மாட்டேங்குதா?

கேள்வி: அக்கா, என் பையனுக்கு நாலு வயசு, ராத்திரி ஃபோம் மெத்தையிலயே உச்சா போயிடுறான். காயவச்சாலும் மழை பெஞ்சா வாடை திரும்ப வருது, சென்ட் அடிச்சும் பாத்துட்டேன். என்ன பண்றது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: சென்ட்ட மொதல்ல நிறுத்தும்மா, ரெண்டு வாடையும் கலந்து தலைவலிதான் வரும். ஈரமா இருக்கும்போதே பழைய காட்டன் வேட்டிய நாலா மடிச்சு வச்சு, மேல முட்டி போட்டு அழுத்தி ஒத்தி எடு, தேய்ச்சா உள்ள இறங்கிடும். அப்புறம் வெள்ளை வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து லேசா ஸ்ப்ரே பண்ணி, 10 நிமிஷம் விட்டு மறுபடி ஒத்தி எடுத்து, சமையல் சோடாவ தாராளமா தூவி ராத்திரி முழுக்க விட்டுடு (அன்னைக்கு எல்லாரும் பாய்லதான்), காலையில வேக்குவம் போடு, இல்லன்னா பிரஷ்ஷால தட்டி எடு.

மழை நாள்ல வாடை வர்றது ஏன்னா, காஞ்சுபோன யூரிக் ஆசிட் உப்பு உள்ளயே தங்கிடும், ஈரக்காத்து பட்டா கிளம்பும். அதுக்கு நாய், பூனை வளர்க்கிறவங்க வாங்குற என்சைம் கிளீனர்தான் சரி. வினிகர், சோடா போட்ட அன்னைக்கே அத ஊத்தாத, வேலை செய்யாது.

ப்ளீச் பக்கமே போகாத, வினிகரோட சேந்தா விஷவாயு வரும், உச்சால இருக்க அம்மோனியாவும் அதுக்கு ஆகாது.

இலவம்பஞ்சு மெத்தைன்னா மொட்டைமாடி வெயில் போதும், ஃபோம சுள்ளுன்னு வெயில்ல ரொம்ப நேரம் போட்டா பொடியா உதிர ஆரம்பிச்சிடும், ஃபேன் காத்துல நிமிர்த்தி சாய்ச்சு வை. வாட்டர்ப்ரூஃப் கவர் ஒண்ணு வாங்கிடு. நாலு வயசுல இது சகஜம், பையன திட்டாத.