கண்ணீரை மறைத்தவரா பாரன்?

கேள்வி: சென்ற இதழில் வரலாற்றாசிரியர் சாலோ பாரனை ரொம்பவே உயர்த்தி எழுதியிருந்தீர்கள். யூதர்களின் வரலாற்றைக் கண்ணீர்க் கதையாக எழுதக் கூடாது என்றவர் அவர். ஐரோப்பாவிலிருந்து தப்பித்து நியூயார்க்கில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு, செத்தவர்களின் துன்பத்தைக் குறைத்துக் காட்ட அவருக்கு என்ன உரிமை?
– வாசகர், கும்பகோணம்

பதில்: முதலில் ஆண்டுகளைச் சரிபார்த்துவிடுவோம். பாரன் நியூயார்க் போனது 1926இல். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தது 1933இல். பாரன் தப்பித்துப் போனவர் அல்ல, வேலைக்குப் போனவர். ஸ்டீபன் வைஸ் என்ற யூத மதகுரு, தாம் அங்கே நிறுவியிருந்த கல்லூரியில் பாடம் நடத்த அவரை அழைத்தார். அதற்கு முன்பே வியன்னா பல்கலைக்கழகத்தில் மூன்று டாக்டர் பட்டங்களை வாங்கியிருந்தார் பாரன். அவற்றில் ஒன்று அரசியலில், ஒன்று சட்டத்தில். இடையில் 1920இல் ரபியாகவும், அதாவது யூத மதகுருவாகவும், தகுதி பெற்றார். பிறந்தது 1895இல், அன்றைய ஆஸ்திரியப் பேரரசின் கலீசியாவில், டார்னூவ் என்ற ஊரில். இந்த ஊர்ப் பெயரை மட்டும் நினைவில் வைத்திருங்கள்.

நீங்கள் குற்றம் சொல்லும் கருத்தை அவர் முன்வைத்தது 1928இல். கெட்டோ என்ற தனி யூதக் குடியிருப்பு பற்றியும் யூதர்களின் விடுதலை பற்றியும் எழுதிய ஒரு கட்டுரையில். அதுவரை பலரும் சொல்லிவந்த கதை இதுதான்: இடைக்காலம் முழுக்க இருட்டு, பிரெஞ்சுப் புரட்சி வந்தது, யூதனுக்கு விடிந்தது. பாரன் இதை மறுத்தார். இடைக்காலத்து யூதனை இன்றைய குடிமகனோடு ஒப்பிட்டால் அவன் உரிமையற்றவன்தான். ஆனால் அன்று குடிமகன் என்று யார் இருந்தார்கள்? பக்கத்து வயலில் உழுத பண்ணையடிமை, நிலத்தை விட்டு நகரக்கூட முடியாதவன். யூத சமூகத்துக்கோ சொந்த நீதிமன்றம் இருந்தது, தங்களுக்குள் வரி வசூலிக்கும் அதிகாரம் இருந்தது, பள்ளியும் தர்ம ஏற்பாடுகளும் இருந்தன. குடியிருப்பைச் சுற்றி எழுந்த சுவர்கூட எல்லா இடத்திலும் சிறையாக எழவில்லை. 1084இல் ஜெர்மனியின் ஸ்பையர் நகர பிஷப், கும்பல்கள் தொல்லை தராமல் இருக்க யூதர் குடியிருப்பைச் சுற்றி மதில் கட்டித் தந்தார், அதை ஒரு சலுகையாக. 1516இல் வெனிஸ் யூதர்களை ஒரு தீவில் அடைத்துக் கதவைப் பூட்டியது வேறு கதை. இரண்டுமே நடந்தன, இரண்டையுமே எழுத வேண்டும்.

அதேபோல, 1791இல் பிரான்ஸ் யூதர்களுக்குக் குடியுரிமை தந்தது வெறும் கருணையால் அல்ல என்றார். தனக்குள் தனித்தனிச் சட்டத்தோடு சிறு சிறு சமூகங்கள் இயங்குவதைப் புதிய அரசால் பொறுக்க முடியவில்லை. உரிமை வந்தது, கூடவே பழைய தன்னாட்சி போனது. ஆதாயத்தை எழுதிய கணக்கில் இழப்பையும் எழுது என்பதுதான் பாரனின் வாதம். படுகொலைகள் நடக்கவே இல்லை என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

இங்கே எனக்கும் ஒரு முரண்பாடு உண்டு. பண்ணையடிமையை எந்த மன்னனும் ஒரே ஆணையில் நாட்டைவிட்டே துரத்தவில்லை. யூதர்களை 1290இல் இங்கிலாந்தும் 1492இல் ஸ்பெயினும் துரத்தின. அந்த நிச்சயமின்மையை 1928இன் ஒப்பீடு போதுமான அளவு எடைபோடவில்லை என்றே நினைக்கிறேன். நீங்கள் இந்த இடத்தில் கேள்வி கேட்டிருந்தால் உங்கள் பக்கம் நின்றிருப்பேன். ஆனால் நீங்கள் கேட்டது அவருடைய உரிமையை.

சரி, அதற்கு வருவோம். 1930இல் கொலம்பியா பல்கலைக்கழகம் அவருக்கு யூத வரலாற்றுப் பேராசிரியர் பதவி தந்தது. எபிரேயம் போன்றவற்றைப் படிக்கும் செமிட்டிக் மொழித் துறையில் ஒதுங்காமல் வரலாற்றுத் துறையிலேயே இருக்க அவர் விரும்பினார். யூதர்களின் கதை உலகக் கதையின் ஒரு பகுதி என்று நம்பியவர் வேறெங்கே உட்காருவார்? போர் முடிந்ததும், நாஜிகள் கொள்ளையடித்து உரிமையாளரே இல்லாமல் போன புத்தகங்களை மீட்கும் அமைப்புக்குத் தலைமை தாங்கினார். அதன் செயலாளராக இருந்தவர் அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட். ஏறத்தாழ 5 லட்சம் புத்தகங்களை உலகெங்கும் உள்ள நூலகங்களுக்கு அனுப்பிவைத்தார்கள். படித்தவர்கள் கொல்லப்பட்டுவிட்டார்கள், அவர்கள் படித்தவையாவது வாசகரிடம் போகட்டும் என்று உழைத்த மனிதரைப் பற்றித்தான் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார் என்கிறீர்கள்.

1961 ஏப்ரலில் ஜெருசலேமில், யூதர்களைக் கொலை முகாம்களுக்கு அனுப்பும் வேலையை நடத்திய நாஜி அதிகாரி ஐக்மன் மீதான வழக்கு நடந்தபோது, அழிக்கப்பட்ட யூத உலகம் எப்படி இருந்தது என்று நீதிமன்றத்துக்கு எடுத்துச் சொல்ல அழைக்கப்பட்டவர் பாரன். அவர் இறந்தவர்களின் எண்ணிக்கையோடு நிற்கவில்லை. போருக்கு முன் அங்கே இருந்த பள்ளிகள், பத்திரிகைகள், கட்சிகள், அறிஞர்கள் எல்லாவற்றையும் பற்றிப் பேசினார். இருந்ததைச் சொன்னால்தான் போனது என்ன என்று தெரியும். வரலாறு தன் போக்கில் போகிறது, தனிமனிதன் என்ன செய்ய முடியும் என்ற தொனியில் ஐக்மனின் வழக்கறிஞர் செர்வேஷியஸ் கேட்டபோது, அதை அவர் ஏற்க மறுத்தார்.

அந்தச் சாட்சியத்தில் டார்னூவ் வந்தது. போருக்கு முன் அங்கே சுமார் 20,000 யூதர்கள். ஹிட்லருக்குப் பிறகு 20 பேருக்கு மேல் இல்லை. கொல்லப்பட்டவர்களில் அவருடைய அப்பா, அம்மா, சகோதரி மூவரும் உண்டு.

அப்புறம் நியூயார்க் திரும்பி, 1952இல் வெளிவரத் தொடங்கிய, பல தொகுதிகள் கொண்ட யூத வரலாற்றைத் தொடர்ந்து எழுதினார். கண்ணீர்க் கதை பற்றிய கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. மனைவி ஜெனட்டும் கூடவே உழைத்தார். அவர் பெயரும் அட்டையில் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். 1983இல் 18ஆம் தொகுதி வெளிவந்தபோது பாரனுக்கு வயது 88. கதை 1650வரைதான் வந்திருந்தது.