பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே ஓட முடிகிறதா?

ஓட்டம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், கோவையில் பொதுத்துறை வங்கி ஒன்றில் காசாளர். வயது 54. பயிற்சியாளர் பட்டம் எதுவும் இல்லை. காலையில் ரேஸ்கோர்ஸைச் சுற்றி ஓடிவிட்டு, பத்து மணிக்குக் கவுன்ட்டரில் உட்காருபவர்.

கேள்வி: எனக்கு 38 வயது. தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை. இரண்டு பிள்ளைகள், மாமியாரும் எங்களோடு இருக்கிறார். பொங்கல் கழிந்து ஓட ஆரம்பித்தேன். வ.உ.சி. பூங்கா பக்கம் போய் இரண்டு கிலோமீட்டர் ஓடுவேன். முடிக்கும்போது நெஞ்சு படபடக்கும், வாயில் இரும்பு ருசி வரும். மூன்றாவது வாரத்திலேயே அலாரம் அடித்தால் எரிச்சல்தான். ஷூ வாசலில் கிடக்கிறது. ஊக்கத்தை எப்படி வரவழைப்பது அக்கா?
– ஒரு வாசகி, ஈரோடு

ஊக்கத்தை அப்புறம் பார்க்கலாம் கண்ணு. வாயில் இரும்பு ருசி என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் வேகமாக ஓடுகிறீர்கள். உங்கள் உடம்பு இன்றைக்கு இருக்கிற நிலைமைக்கு அது ரொம்ப ரொம்ப வேகம். எனக்கு வருகிற கடிதங்களில் பாதி இதே ரகம். எல்லோரும் "மனசு சோம்பேறியாகிவிட்டது" என்று தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். மனசுக்கு ஒன்றும் ஆகவில்லை. தினம் விடியற்காலையில் வந்து பிரம்படி வாங்கிக்கொண்டு போ என்றால் யார்தான் சந்தோஷமாக எழுந்து போவார்கள்?

நாளைக்கு ஒரு சோதனை செய்யுங்கள். நீங்கள் கணக்கு டீச்சர், அதனால் சுலபம். ஓடும்போது பதினாறாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். "எட்டுப் பதினாறு நூற்று இருபத்தெட்டு" வரை மூச்சு முட்டாமல் வந்தால் அதுதான் உங்கள் வேகம். மூணாம் வரியிலேயே திணறினால் வேகத்தைக் குறையுங்கள். குறைத்தும் திணறினால் நடங்கள். நடந்தால் கௌரவம் போய்விடும் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. ஜெஃப் காலோவே என்று ஒருவர், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக 10,000 மீட்டர் ஓடியவர். அவர்தான் சாதாரண ஜனங்களுக்கு "கொஞ்சம் ஓடு, கொஞ்சம் நட, மறுபடி ஓடு" என்ற முறையைப் பிரபலமாக்கினார். ஒலிம்பிக் ஆளே நடக்கச் சொல்கிறார், நமக்கென்ன?

ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று இருபது நிமிடம் போதும். வாரம் மூன்று நாள். சலிப்பாக, "இவ்வளவுதானா" என்று தோன்றும்போதே நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓடும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போகலாம். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் தீவிரமான பயிற்சி என்று உலக சுகாதார அமைப்பு 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. மூன்று நாள், நாளுக்கு 25 நிமிடம் நிற்காமல் ஓட வந்துவிட்டால் உங்கள் 75 முடிந்தது. அதற்கு மேல் ஓடினால் உங்கள் ஆசைக்கு.

இன்னொன்று. நீங்கள் ஓடப் போன அந்த அரை மணி நேரத்தில் வீட்டில் பால் காய்ச்சியது யார்? கடிதம் முழுக்கத் தேடினேன், இல்லை. திரும்பி வந்து பால், டிபன், மூன்று டப்பா என்று எல்லாவற்றையும் நீங்களே தலைதெறிக்கச் செய்தீர்கள் என்றால், அலாரத்தைக் கேட்டதும் வருகிற எரிச்சல் ஓட்டத்தின் மேல் வந்த எரிச்சலே இல்லை. இதைப் பேசித் தீர்க்காமல் எந்த ஊக்கமும் வராது.

எங்கள் வீட்டில் செவ்வாய், வியாழன், ஞாயிறு என் ஓட்ட நாள். அன்றைக்குக் காபி அவர் பொறுப்பு. தண்ணியாகத்தான் இருக்கும். நான் வாயே திறக்க மாட்டேன். ஒரு குறை சொன்னால் அடுத்த வாரமே "அப்ப நீயே போட்டுக்க" என்று ஆகிவிடும். அந்த நாட்களில் காலையில் இட்லி, மதியத்துக்கு எலுமிச்சை சாதமோ தயிர் சாதமோதான். முதலில் எல்லோரும் முணுமுணுத்தார்கள், இப்போது பழகிவிட்டது. குழாயில் தண்ணீர் விடும் நாளாக இருந்தால் ஓட்டமே கிடையாது. அதற்காக வருத்தப்படுவதும் கிடையாது, மறுநாளுக்குத் தள்ளிவிடுவேன். மாமியாரிடம் "ஓடப் போறேன்" என்று அறிவிப்பதைவிட, "அஞ்சரைக்குப் போனா ஆறுக்கு வந்துருவேனுங்கத்தை, பால மட்டும் இறக்கி வெச்சுருங்க" என்று ஒரு வேலையை அவர் கையில் கொடுங்கள். பொறுப்பு கொடுத்தால் பெரியவர்கள் நம் பக்கம் வந்துவிடுவார்கள்.

துணி, சாக்ஸ், ரப்பர் பேண்ட் எல்லாம் முதல் நாள் ராத்திரியே ஒரே இடத்தில் இருக்கட்டும். அரைத் தூக்கத்தில் பீரோவைத் திறந்தால் மறுபடி படுக்கத்தான் தோன்றும். சாவியைக் கையில் பிடித்து ஓடாதீர்கள். ஷூ லேஸைக் கடைசி ஓட்டையில் விடுவதற்கு முன் சாவியைக் கோர்த்து, மேலே இரட்டை முடிச்சுப் போட்டு, மிச்ச லேஸுக்கு அடியில் செருகிவிடுங்கள். ஆடாது, சத்தமும் வராது.

பெண்கள் யாரும் கேட்காததால் நானே சொல்கிறேன். ஷூவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்கள் ஸ்போர்ட்ஸ் பிரா வாங்க யோசிக்கிறார்கள். சாதாரண உள்ளாடையோடு ஓடினால் மார்பு வலிக்கும், பட்டை தோளை அறுக்கும். தொடை உரசிப் புண்ணாகும் இடத்தில் கிளம்பும் முன் வாஸ்லின் தடவ வேண்டும். "எனக்கு ஓட்டம் ஒத்து வராது" என்று விட்டவர்கள் பலருக்கு ஒத்து வராதது இந்த இரண்டும்தான்.

கேள்வி: துரைப்பாக்கத்தில் ஐ.டி. வேலை. இரவு எட்டு மணிக்கு ஷிஃப்ட், முடித்து வர விடிந்துவிடும். வந்த கையோடு ஓடிவிட்டுத்தான் படுப்பேன். கல்லூரி நண்பர்கள் எல்லோரும் பெங்களூரில். ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியில் அவர்கள் கிலோமீட்டருக்கு ஐந்தரை நிமிடம் என்று போடுகிறார்கள். எனக்கு இந்த மே மாதம் ஏழரைக்கு மேல் போகிறது. பதிவு போடவே வெட்கமாக இருப்பதால் ஓடுவதையே விட்டுவிட்டேன்.
– 27 வயது வாசகர், சென்னை

தம்பி, பெங்களூர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர், அதனால் அங்கே சூடு குறைவு. நீங்கள் இருப்பது கடலுக்குப் பக்கத்தில். சென்னையில் மே மாத விடியலில் காற்றில் அவ்வளவு ஈரம் இருக்கும். வியர்வை கொட்டுமே தவிர உலராது. உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். அதனால் இதயம் காலுக்கும் ரத்தம் அனுப்பி, சூட்டைத் தணிக்கத் தோலுக்கும் அனுப்ப வேண்டியிருக்கிறது. அதே உழைப்புக்கு வேகம் குறையத்தான் செய்யும். நண்பர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குக் கூப்பிட்டு, பெசன்ட் நகரில் காலை ஏழு மணிக்கு ஓடவிட்டுப் பாருங்கள். அதுவரை, உங்கள் ஓட்டம் உங்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்கிற வசதி அந்தச் செயலியிலேயே இருக்கிறது. அதைத் தட்டிவிடுங்கள். உங்கள் மே மாதத்தைப் போன வருட மே மாதத்தோடு ஒப்பிடுங்கள். டிசம்பரோடுகூட வேண்டாம்.

ஆனால் எனக்கு உங்கள் வேகத்தைவிடத் தூக்கம்தான் கவலையாக இருக்கிறது. ராத்திரி முழுக்கக் கண் விழித்துவிட்டு விடிகாலையில் ஓடுவதை வைராக்கியம் என்று யாராவது பாராட்டினால் நம்பாதீர்கள். வந்ததும் திரையை மூடிப் படுங்கள். மத்தியானம் எழுந்து சாப்பிட்டு, சாயங்காலம் ஐந்தரைக்கு ஓடுங்கள். அந்த நேரத்துக்குள் கடல் காற்றும் ஏறியிருக்கும். வெயில் காலத்தில் நீண்ட நேரம் ஓடினால் வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிக்காதீர்கள், ரத்தத்தில் உப்பின் அளவு இறங்கிவிடும். உப்புப் போட்ட மோர் நல்லது. தலை சுற்றினாலோ, உடம்பு சில்லிட்டாலோ உடனே நின்று நிழலுக்குப் போய்விட வேண்டும்.

கேள்வி: பணி ஓய்வு பெற்று வருடம் ஒன்றாகிறது. வயது 61. மெதுவாக ஓடிப் பழகுகிறேன். தெருவில் பார்ப்பவர்கள் "என்ன, யாரு துரத்துதா?" என்கிறார்கள். வீட்டில் "முட்டி தேஞ்சு போவும்" என்கிறார்கள். இரண்டையும் கேட்டுக் கேட்டு ஆசையே போய்விட்டது.
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அண்ணாச்சி, முட்டிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். 2017-ல், அதுவரை வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு கட்டுரை வெளியானது. இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம். போட்டிக்கென்றே கடுமையாக ஓடுபவர்களில் 13.3. நீங்கள் முதல் வகை, உங்களை எச்சரிக்கிறவர்கள் இரண்டாம் வகை. ஓடுவதால்தான் குறைந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, முட்டி நன்றாக இருப்பவர்கள்தானே தொடர்ந்து ஓடுகிறார்கள் என்றும் வாதிடலாம். ஆனால் அளவாக ஓடினால் தேய்ந்துவிடும் என்ற பயத்துக்கு அதில் ஆதாரம் இல்லை. ஏற்கெனவே வீக்கமோ வலியோ இருந்தால் கதை வேறு. இந்த வயதில் புதிதாக ஆரம்பிப்பதால் ரத்த அழுத்தம், சர்க்கரை, ஒரு இ.சி.ஜி. எல்லாம் பார்த்து மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சில் பாரம் தெரிந்தால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது, நேரே மருத்துவமனைதான்.

யார் துரத்துகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு நின்று பதில் சொல்லாதீர்கள். நாலு மாதம் போனால் "எத்தன மணிக்குக் கெளம்புதீய?" என்று அவர்களே கேட்பார்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

கேள்வி: விடிகாலையில் ஓடக் கிளம்பினால் தெருநாய்கள். அந்தப் பயத்திலேயே வாரத்தில் பாதி நாள் போவதில்லை.
– கல்லூரி மாணவி, கரூர்

இதை ஊக்கக் குறைவு என்று யாராவது சொன்னால் கேட்காதே பாப்பா. நியாயமான பயம். நாய் குரைத்தபடி வந்தால் ஓடாதே. அப்படியே நின்று, அதன் கண்ணைப் பார்க்காமல், முதுகைக் காட்டாமல் மெதுவாக நடந்து விலகு. குட்டி போட்ட நாய் இருக்கும் தெருவை ஒரு மாதத்துக்கு மறந்துவிடு. முடிந்தால் வெளிச்சம் வந்த பிறகு மைதானத்தில் ஓடு. பல்லோ நகமோ பட்டுவிட்டால், சின்னக் கீறலாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி தொடங்கு. ஊசி அட்டவணையில் ஒரு தேதியைக்கூட விடக் கூடாது. மஞ்சள், மிளகாய்ப்பொடி வைத்தியமெல்லாம் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: ஏனுங்க அக்கா, ஆறு மாசம் பயிற்சி எடுத்து 21 கிலோமீட்டர் அரை மாரத்தானை முடிச்சேன். மெடல் வாங்கிட்டு வந்ததோட சரி. அதுக்கப்புறம் ஷூவைத் தொடவே மனசு வரலை. எனக்கு என்ன ஆச்சு?
– பனியன் கம்பெனி நடத்தும் வாசகர், திருப்பூர்

ஒன்றும் ஆகலைங்க. பெரிய ஆர்டரை அனுப்பிவிட்டு மறுநாள் கம்பெனிக்குப் போகப் பிடிக்குமா? இரண்டு வாரம் சும்மா இருங்கள். அவ்வளவு நாளில் கொஞ்சம் மூச்சுத் திறன் இறங்கும், ஆனால் மறுபடி ஓட ஆரம்பித்தால் ஏறிக்கொள்ளும். உடனே 42 கிலோமீட்டருக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். கட்டிய பணத்துக்குப் பயந்து ஓடுவது ஒரு வருடம் தாங்காது.

அடுத்த போட்டியில் ஓடாமல் தண்ணீர் மேஜையில் நில்லுங்கள். கோவை மாரத்தானில் தொண்டர்களைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் போகிற வேகக்காரர்கள் கப்பைப் பறித்துக்கொண்டு பறந்துவிடுவார்கள், அவர்களிடம் பார்க்க ஒன்றும் இல்லை. வெயில் ஏறிய பிறகு கடைசியில் வருகிறவர்களுக்காக நில்லுங்கள். இரண்டு முட்டியிலும் உறை போட்டவர், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஷூவோடு வருகிற அம்மா, பின்னால் ஆம்புலன்ஸ் உருள அதை முறைத்துக்கொண்டே நடப்பவர். ஆரஞ்சுச் சுளையை உப்பில் தொட்டு வாங்கிக்கொண்டு, "இன்னும் எவ்வளவு தூரங்க?" என்று உங்களிடம்தான் கேட்பார்கள். பொய் சொல்லாமல் சரியான தூரத்தைச் சொல்லுங்கள். "இதோ வந்துருச்சு" என்று சொல்கிற தொண்டர்களை எனக்குக் கண்டாலே ஆகாது.

கேள்வி: ஐப்பசி மழையில் ஷூ நனைந்தால் மூன்று நாளைக்குக் காய்வதில்லை. அதைச் சாக்காக வைத்தே ஓட்டம் நின்றுவிடுகிறது.
– ஒரு வாசகர், கும்பகோணம்

உள்ளே இருக்கும் அட்டையை எடுத்துவிட்டு, நாளிதழைக் கசக்கி விரல் நுனிவரை திணித்து, மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஈரத்தாளை எடுத்துவிட்டு வேறு தாள் வையுங்கள். மறுநாள் காலைக்குள் காய்ந்துவிடும். அடுப்புப் பக்கமோ சுள்ளென்ற வெயிலிலோ வைத்தால் பசை விட்டுப்போகும். திணிப்பதற்கு முன் வீட்டில் எல்லோரும் ராசிபலன் படித்தாயிற்றா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.