மொபைல் சிற்பம் சாய்கிறதா? கீழிருந்து கட்டுங்கள்

கேள்வி: புது ஃபிளாட்டின் ஹாலில் தொங்கவிட, கம்பியும் அலுமினியத் தகடும் வாங்கி காற்றில் அசைந்தாடும் மொபைல் சிற்பம் ஒன்றை நானே செய்து பார்த்தேன். மேல் கம்பியை முதலில் மாட்டி, ஒவ்வொன்றாகக் கீழே சேர்த்தேன். எதைச் சேர்த்தாலும் சாய்ந்துவிடுகிறது. எங்கே பிழை? ஃபேனுக்குப் பக்கத்தில் மாட்டினால் நன்றாக ஆடுமா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: ஆரம்பித்த இடம்தான் பிழை. மொபைலைக் கீழிருந்து மேலாகத்தான் கட்ட வேண்டும். ஆகக் கீழே தொங்கப்போகும் சின்னக் கம்பியை எடுத்து, இரு முனைகளிலும் தகட்டை மாட்டி, விரல்மேல் வைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறதோ, அங்கே நோஸ் பிளையரால் ஒரு வளையம் போடுங்கள். இனி இது மொத்தமும் ஒரே எடை. இதை அடுத்த கம்பியின் ஒரு முனையில் மாட்டி, மறுமுனையில் ஒரு தகடு வைத்து, மறுபடியும் அந்த இடத்தைத் தேடுங்கள். மேல் கம்பி கடைசியாகத்தான் வரும்.

இரு பக்கமும் சம எடை இருக்க வேண்டியதில்லை. வளையத்திலிருந்து 15 செ.மீ. தள்ளி 20 கிராம் தொங்கினால், எதிர்ப்பக்கம் 30 செ.மீ. தள்ளி 10 கிராம் போதும். கம்பியின் சொந்த எடையால் வளையம் நீளமான பக்கம் சற்று நகரும், அவ்வளவுதான். அப்புறம், கம்பியை நேராக விடாமல் வில்லாக வளையுங்கள். முனைகளைவிட வளையம் உயரத்தில் இருந்தால், காற்று சாய்த்தாலும் தானே நிலைக்குத் திரும்பும். நேர்க்கம்பி சாய்ந்தபடியே நின்றுவிடும். உங்கள் சிக்கலில் பாதி இதுவாகவும் இருக்கலாம்.

ஃபேன் பக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். இந்தக் கலையை வளர்த்த அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர், மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். 1930இல் பாரிஸில் ஓவியர் மோந்திரியானின் ஸ்டூடியோவுக்குப் போனபோது, சுவரிலிருந்த வண்ணச் செவ்வகங்கள் அசைந்தால் எப்படியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. முதலில் மோட்டாரும் கைப்பிடியும் வைத்துத்தான் அசைத்தார். ஒரே அசைவு திரும்பத் திரும்ப வந்ததில் திருப்தியில்லாமல், காற்றிடமே விட்டுவிட்டார். ஃபேன் காற்று உங்களை அந்த மோட்டாருக்கே கொண்டுபோய்விடும், நூலும் சிக்கிக்கொள்ளும்.

ஜன்னல் காற்று லேசாக எட்டுகிற, ஆள் நடமாட்டம் இல்லாத மூலைதான் சரி. முழு வட்டமாகச் சுழலச் சுற்றிலும் இடம் விடுங்கள். தூண்டில் சாமான் கடையில் கிடைக்கும் ஸ்விவல் (தானே சுழலும் சின்ன இணைப்பு வளையம்) ஒன்றை உச்சியில் மாட்டினால் நூல் முறுக்கிக்கொள்ளாது. தகட்டின் விளிம்புகளை அரத்தால் தேய்த்துவிடுங்கள், கையைக் கிழிக்கும். முதல் மொபைலுக்கு ஐந்து தகடுகள் போதும். ஹாலில் இடம் காலியாகத் தெரிகிறதே என்று ஆறாவதைச் சேர்க்காதீர்கள். அந்தக் காலி இடத்தில்தான் அது ஆட வேண்டும்.